சிங்கத்துக்கு அடியில் 1998 தெரிந்தால்?

கேள்வி: வணக்கம் சார். காலமான என் பெரியப்பாவின் தகர டப்பாவில் சில நாணயங்கள் இருந்தன. ஒன்று, பழைய தடித்த ஐந்து ரூபாய். ஒரு பக்கம் சிங்கம் இருக்கிறது, மறுபக்கமும் அதே சிங்கம்தான், ஆனால் உள்ளே அமுங்கி, எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக இருக்கிறது. அதற்கு அடியில் 5 என்பதும் 1998 என்பதும் மங்கலாகத் தெரிகின்றன. இரண்டாவது பத்து ரூபாய், அதில் நடுவில் உள்ள சிங்கம் சாய்ந்திருக்கிறது, வெளி வளையத்தில் உள்ள எழுத்து நேராக இருக்கிறது. மூன்றாவது ராமர் பட்டாபிஷேகம் போட்ட செம்பு நாணயம், ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818, யூகேஎல் ஒன் அணா' என்று இருக்கிறது. நான்காவது 1939 வெள்ளி ரூபாய். இவை தவிர ஓட்டைக் காலணா நாலைந்தும், வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் போட்ட ஒரு ரூபாயும் உண்டு. படம் எடுத்துப் போட்டதும் ஒருவர் போன் செய்து, எல்லாவற்றையும் 4,60,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ரிசர்வ் வங்கி அனுமதிக்கு முதலில் 6,500 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார். கட்டலாமா? எது அசல், எது போலி என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்:

தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பழைய நாணயத்தை வாங்க, விற்க ரிசர்வ் வங்கி யாருக்கும் அனுமதிச் சான்று கொடுப்பதில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ வாங்குவதும் இல்லை. தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. நாணயம் வாங்கி விற்பதுதான் என் தொழில், அந்த முறையில் சொல்கிறேன், பொருள் வாங்குகிறவன்தான் பணம் கொடுப்பான், விற்கிறவரிடம் பணம் கேட்க மாட்டான். 6,500 கட்டினால் அடுத்து ஜிஎஸ்டி என்பார்கள், அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் கூரியர் என்று நீண்டுகொண்டே போகும். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அந்த ஆள் எடை கேட்கவில்லை, விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவில்லை, 1939-இன் கடைசி எண்ணைக் கிட்டத்தில் காட்டச் சொல்லவில்லை. இதைக் கேட்காமல் எந்த வியாபாரியும் விலை சொல்ல மாட்டான்.

சரி, நாணயங்களுக்கு வருவோம். எரர், அதாவது அடிக்கும்போது நேர்ந்த பிழை என்று யார் எதைக் காட்டினாலும் நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: நாணயச்சாலை இயந்திரத்தால் இதைச் செய்ய முடியுமா? மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் வளையம்போல ஒரு காலர், நடுவில் வெற்று வில்லை. ஒரே அடி. இரண்டு பக்க உருவமும் அந்த ஓர் அடியில் விழுகிறது, வில்லை பக்கவாட்டில் பரவாமல் காலர் பிடித்துக்கொள்கிறது. பிழை என்பது இந்த வேலைக்குள் எங்கோ நடந்ததாக இருக்க வேண்டும். வில்லை சரியாக உட்காராமல் போகலாம், இரண்டு முறை அடி விழலாம், அச்சில் விரிசல் விடலாம், வேறு நாணயத்துக்கான வில்லை கலந்து வந்திருக்கலாம். இதில் எதனாலும் வர முடியாத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்றால், அது நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ செய்தது, அவ்வளவுதான்.

உங்கள் ஐந்து ரூபாயை இதை வைத்தே பார்க்கலாம். ஒரு பக்கம் சரியான சிங்கம், மறுபக்கம் அமுங்கிய கண்ணாடிச் சிங்கம் என்பதற்கு பிராக்கேஜ் என்று பெயர், வடநாட்டு வியாபாரிகள் லக்கி என்பார்கள். உண்மையான பிராக்கேஜ் எப்படி உண்டாகிறது என்றால், அடித்து முடித்த ஒரு நாணயம் கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதன் 5 உள்ள பக்கம் அச்சோடு ஒட்டியிருக்கும், சிங்கம் உள்ள பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த வெற்று வில்லை வந்து அடி விழும்போது கீழ் அச்சு வழக்கம்போலச் சிங்கத்தைப் பதிக்கிறது. மேலே அச்சுக்குப் பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாணயம்தான் வேலை செய்கிறது, அதன் புடைத்த சிங்கம் புதிய வில்லையில் பள்ளமாக, இடவலம் மாறி விழுகிறது. அதே நாணயம் ஒட்டியபடியே மேலும் பல அடிகள் வாங்கினால் அது நசுங்கிப் பரவும், அதனால் அடுத்தடுத்த வில்லைகளில் அந்த உருவம் பெரிதாகி மங்கிக்கொண்டே போகும். முதலில் விழுந்ததுதான் கூர்மையாக இருக்கும், சேகரிப்பாளர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் 5 என்ற எண்ணும் வருடமும் வெட்டப்பட்ட அச்சு உங்கள் வில்லையைத் தொடவே இல்லை, நடுவில் இன்னொரு நாணயம் மறைத்துக்கொண்டிருந்தது. ஆகவே இப்படிப்பட்ட பிராக்கேஜில் 5 இருக்கக் கூடாது, வருடமும் இருக்கக் கூடாது, அது எந்த வருடத்து நாணயம் என்றே சொல்ல முடியாது. உங்களுடையதில் 5-ம் 1998-ம் தெரிகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது முதலில் முழுமையாக அடிக்கப்பட்ட சாதாரண ஐந்து ரூபாய், பின்னால் யாரோ அதன் 5 பக்கத்தின்மேல் இன்னொரு ஐந்து ரூபாயின் சிங்கப் பக்கத்தை வைத்து, பட்டறை வைஸில் (இரும்புத் தாடை கொண்ட இறுக்கியில்) வைத்து இறுக்கியோ சுத்தியலால் தட்டியோ செய்திருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி ஒன்று எதற்கு என்றால், ஒழுங்காக அடித்த நாணயம் வெளியே தள்ளப்படாமல் அங்கேயே கிடந்து, அதன்மேல் ஒட்டிய நாணயத்தோடு இரண்டாவது அடி விழுவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதையும் சோதித்துவிடலாம். நாணயத்தைத் திருப்பி, சரியாக இருக்கிறது என்று சொன்னீர்களே, அந்தச் சிங்கத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இயந்திரத்தின் அடி என்றால் கீழே அச்சு தாங்கியிருக்கும், அதனால் பிடரி மயிர் முதற்கொண்டு எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும். வைஸ் என்றால் கீழே தாங்கியது தட்டையான இரும்புத் தாடை, சிங்கத்தின் மேடான இடங்கள் நசுங்கித் தட்டையாகி, வெளிச்சத்தில் பளபளக்கும். தோலோ மரக்கட்டையோ வைத்து இறுக்குகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அப்போது நசுங்கல் குறைவாக இருக்கும். அங்கேதான் விளிம்பு காட்டிக்கொடுக்கும். வைஸில் காலர் கிடையாது. அழுத்தினால் உலோகம் பக்கவாட்டில் பிதுங்கும், குறுக்களவு 23 மில்லிமீட்டரைத் தாண்டும் அல்லது ஒரு பக்கம் மட்டும் உப்பும், விளிம்பின் நடுவே ஓடும் பள்ளம் சில இடங்களில் மூடிப்போயிருக்கும். ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்து நாலு திசையிலும் அளந்து பாருங்கள். எடை இதில் உதவாது. அந்தத் தடித்த செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம், வைஸில் நசுக்கினாலும் 9 கிராம்தான்.

அமுங்கிய உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தரையையும் பாருங்கள். இயந்திர அடியில் மேடு பள்ளம் தரை எல்லாமே புதிதாக உருவாகும், ஒரே சீராக இருக்கும். வைஸில் மேடும் மேடும்தான் மோதிக்கொள்ளும், தரையில் பழைய புழக்கக் கீறல்கள் அப்படியே கிடக்கும்.

பத்து ரூபாய்க்கு இவ்வளவு தேவையில்லை. அதன் வெளி வளையம் ஓர் உலோகம், நடுப்பகுதி வேறு உலோகம். வளையமும் நடுவில்லையும் தனித்தனியாக வந்தாலும், அடி விழுவது இரண்டின்மேலும் சேர்த்து ஒரே நேரத்தில், ஒரே அச்சால்தான். சிங்கமும் அதைச் சுற்றியுள்ள 'பாரத்', 'இந்தியா' எழுத்துகளும் ஒரே அச்சில் வெட்டியவை. அப்படி இருக்கும்போது சிங்கம் மட்டும் எப்படிச் சாயும்? சாயாது. நடுப்பகுதியைத் தட்டிக் கழற்றி, திருப்பி மாட்டியிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் சேர்கிற வட்டத்தில் பிசிறும் கீறலும் தெரியும், சில சமயம் கையாலேயே சுற்றலாம், ஒட்டுப் பசைகூட இருக்கும். இதில் உண்மையான பிழை வேறு மாதிரி. நடுவில்லை வளையத்துக்குள் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் ஏறியபடி அடி வாங்கினால், உலோகங்கள் சேரும் கோடு கோணலாக இருக்கும், நடு உலோகம் வளையத்தின்மேல் வழிந்திருக்கும், ஆனால் உருவம் மட்டும் நாணயத்தின் நடுவில் நேராக நிற்கும். ஏனென்றால் அச்சுக்கு எந்த உலோகம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. உங்களுடையதில் கோடு நேராக இருந்து உருவம் சாய்ந்திருக்கிறது, அது தலைகீழ்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அச்சு சுழன்ற பிழை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. நம் நாணயத்தைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல இடமிருந்து வலமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும். ஓர் அச்சு தளர்ந்து சுழன்றிருந்தால் பின்பக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ வரும். அதில் ஒரு பக்கம் முழுவதும் சேர்ந்தே சுழலும், வளையமும் நடுவும் பிரிந்து சுழலாது.

பத்து ரூபாய் பற்றி இன்னொரு வார்த்தை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதைக் கடைக்காரர்கள் செல்லாது என்று சொல்லி வாங்க மறுத்த கூத்து உங்களுக்குத் தெரியும். ரூபாய்ச் சின்னம் இருப்பது, இல்லாதது, வரிகள் பத்து, பதினைந்து என்று வேறுபடுவது, எல்லாமே நாணயச்சாலை அடித்தவைதான். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அவை போலியும் இல்லை, எரரும் இல்லை. வைஷ்ணவ தேவி உருவம் போட்ட பத்து ரூபாய்க்கு லட்சம் தருவதாகச் சுற்றும் செய்தியும் அப்படித்தான், அது 2012 என்று வருடம் போட்டுப் புழக்கத்துக்கு விட்ட நினைவு நாணயம், இன்றும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது.

ராமர் செம்புக்கு வருவோம். இது கோயில் வாசல்களில் விற்கும் பொம்மைக் காசு. இதே வகையில் 1616, 1717, 1839 என்றெல்லாம் வருடம் போட்டு, அனுமார், லட்சுமி, சிவன் என்று எல்லாச் சாமியும் கிடைக்கும். கம்பெனிக்காரன் இந்துச் சாமியை நாணயத்தில் போடவே இல்லை என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்வார்கள், அது சரியில்லை. நம் மதராஸ் நாணயச்சாலையே போட்டது. நட்சத்திர வராகன் என்ற தங்கக் காசில் ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் ஐந்து முனை நட்சத்திரம். மூன்று சாமி வராகனில் வெங்கடேசரும் இரண்டு தேவியரும். 1808 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. ஆகவே சாமி இருப்பதால் இது போலி என்று நான் சொல்லவில்லை.

போலி என்பதற்குக் காரணம் 'ஓரணா, 1818' என்பது. கம்பெனி புழக்கத்துக்குச் செம்பில் ஓரணா நாணயம் என்று ஒன்றை அடிக்கவே இல்லை. ஓரணா தனி நாணயமாக வந்தது ஏழாம் எட்வர்டு காலத்தில், அதுவும் செம்பு இல்லை, நெளி விளிம்போடு செம்பு-நிக்கலில். மதராஸில் அப்போது புழங்கிய கம்பெனிச் செம்பு காசுக் கணக்கில் இருந்தது. 1808 என்று போட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்களைப் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த சோஹோ நாணயச்சாலையில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அதில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நகர்வதற்குள்ளேயே குட்வின் மணல் திட்டில் மூழ்கி, 1980-களில் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். அப்படிப்பட்ட ஓர் இருபது காசு உங்கள் டப்பாவில் இருந்திருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இந்த ராமர் காசைக் காட்டி யாராவது ரைஸ் புல்லிங், அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானி வருகிறார் என்று பேச ஆரம்பித்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நம் ஊரில் இதில் நிலத்தை விற்றுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பெரியப்பா பூஜை அறையில் வைத்திருந்தார் என்றால் நீங்களும் அங்கேயே வையுங்கள்.

இப்போது 1939. உங்கள் டப்பாவில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான், அதே அளவுக்குச் சந்தேகப்பட வைத்ததும் இதுதான். ஆறாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாய்களில் 1939 அரிது, அதனால் போலியும் அதிகம். போலி மூன்று வழியில் வரும். ஒன்று, அச்சில் வார்த்தது. இதில் எழுத்து சோப்புக்கட்டிபோல வழவழவென்று இருக்கும், தரையில் சிறு காற்றுக் குழிகள் இருக்கும், விளிம்பில் ஒட்டுக் கோடு தெரியும், பெரும்பாலும் எடையும் குறையும். அசல் எடை 11.66 கிராம், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம், ஆனால் பத்து கிராமுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை.

இரண்டாவது, 1940-களில் வந்த ரூபாயின் வருடத்தைச் செதுக்கி மாற்றுவது. இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, ஏனென்றால் வெள்ளியின் அளவே வேறு. 1939 வரை ரூபாயில் நூற்றுக்குத் 91.7 பங்கு வெள்ளி, 1940-இல் அதை நூற்றுக்கு 50 பங்காகக் குறைத்து, மீதிக்குச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்த்தார்கள். எடையை மாற்றவில்லை, அதே 11.66 கிராம், ஆகவே தராசில் வைத்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் தெரியும். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், அதன்மேல் டம்ளரில் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள், நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். தராசு ஓர் எண் காட்டும். வெளியே எடுத்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. நல்ல வெள்ளி ரூபாய்க்கு 10.3 பக்கம் வரும், பாதி வெள்ளி என்றால் 9.5 பக்கம் வரும். தண்ணீரில் காட்டும் எண் முதலாவதற்கு ஏறக்குறைய 1.13, இரண்டாவதற்கு 1.22. வித்தியாசம் சின்னதுதான், அதனால் காற்றுக் குமிழி ஒட்டாமல் பார்த்து, நாலு தடவை செய்யுங்கள். விளிம்பும் சொல்லும்: பாதி வெள்ளி ரூபாய்க்குக் கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பின் நடுவே பள்ளம் வைத்த பாதுகாப்பு விளிம்பு கொண்டுவந்தார்கள், 1939-க்கு வெறும் நேர்க்கோடுகள்தான். 1939 என்று போட்டு நடுவில் பள்ளம் ஓடினால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் கஷ்டமானது. 1938-இன் எட்டை ஒன்பதாக்குவது. அதே வெள்ளி, அதே எடை, அதே விளிம்பு, தண்ணீர்ச் சோதனையில் பாஸாகிவிடும். இங்கே லென்ஸும் கண்ணும் மட்டும்தான். கடைசி 9-ஐயும் இரண்டாவதாக வரும் 9-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உயரம், வளைவு, வாலின் தடிமன் ஒத்துப்போகிறதா, கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தரையில் மட்டும் சுரண்டிய தடமோ நிற மாற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள். எட்டில் இருந்து வெட்டிய ஒன்பதில் கீழ்ப் பாதியின் இடது பக்கம்தான் காயம் இருக்கும். பெரியவர்கள் சுண்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்வார்கள், வார்ப்புப் போலியை அதில் பிடிக்கலாம், செதுக்கிய வருடத்தைப் பிடிக்க முடியாது. தரையில் போட்டுப் பார்க்கவே வேண்டாம், அசலாக இருந்தால் விளிம்பில் விழும் ஒரு நசுங்கல் விலையைத் தின்றுவிடும்.

அதேபோல, தயவுசெய்து புளி, எலுமிச்சை, விபூதி, பீதாம்பரி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும்.

ஓட்டைக் காலணா எரர் இல்லை. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943-இல் இருந்து ஓட்டையோடுதான் அடித்தார்கள். ஓட்டையே இல்லாமலோ ஓரத்தில் ஓட்டை விழுந்தோ இருந்தால் சொல்லுங்கள், அதைப் பார்க்கலாம். நட்சத்திரம் என்பது ஹைதராபாத் நாணயச்சாலையின் அடையாளம், மும்பைக்கு வைரக்கட்டி வடிவம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றும் கிடையாது. நாணயப் பற்றாக்குறை இருந்தபோது கொரியா, மெக்சிகோ, ரஷ்யா போன்ற நாடுகளில் அடித்து வாங்கியவற்றில் வேறு குறிகளும் இருக்கும். உங்கள் நட்சத்திர ஒரு ரூபாயைச் செலவு செய்துவிடுங்கள்.

1939-ஐ மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் போடாமல் சுத்தமான காகித உறையில். சோதனை எல்லாவற்றிலும் தேறினால், பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம். செலவு ஆகும், அதனால் தண்ணீரும் லென்ஸும் முதலில். அங்கே அனுப்பிச் சான்றோடு பெட்டியில் அடைத்துத் தருவதாக யாராவது விற்க வந்தால், அந்தப் பெட்டியிலும் போலி உண்டு, மேலே உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே சரிபாருங்கள். விற்பதாக இருந்தால் ஒரே ஆளிடம் விலை கேட்டு முடிக்காதீர்கள், அந்த ஆள் நானாக இருந்தாலும் சரி. ஏல நிறுவனங்கள் இதே வருடத்து ரூபாய்க்கு உண்மையில் விற்ற விலைகளைப் போட்டிருப்பார்கள், கேட்ட விலையை விட்டுவிட்டு விற்ற விலையைப் பாருங்கள்.

எனக்கு எழுதுவதாக இருந்தால் இவற்றை அனுப்புங்கள்: வெளியே எடை, தண்ணீரில் காட்டிய எண், இரண்டு பக்கமும் நேராக எடுத்த படம், விளிம்பைச் சுற்றி மூன்று படம், அப்புறம் அந்தக் கடைசி 9-ஐ லென்ஸ் வழியாக, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுத்த படம். பிளாஷ் வேண்டாம்.